நிலைப்படியில் கால் உறைந்தால்

பார்க்கின்சன் நோயுள்ள என் மாமனாருக்குக் குடியாத்தம் வீட்டு நிலைப்படியருகே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. உடல் முன்னே சாயும், கால் வராது, விழுந்துவிடுவார். "நில்லுங்கள் மாமா" என்பேன். எடையை இடமும் வலமுமாக மாற்றியபின் ஒரு பெரிய அடி எடுத்து வைப்பார்.

நடக்கும் திசைக்குக் குறுக்கே சிவப்புத் தரையில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். இடைவெளி, அவர் வசதியாக வைக்கும் அடியின் நீளம். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது! தானாக நடக்கவைக்கும் மூளையின் ஆழ்பகுதி தடுமாறினாலும், கண்ணால் காணும் குறி நடையைத் தூண்டுகிறது. லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-லேயே இதை எழுதியிருக்கிறார்.

மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பழக்குங்கள். கால்மிதியை எடுத்துவிடுங்கள். திரும்பும்போது அகலமாக வளையட்டும். அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.