புகாரோடு கொடுத்த இன்னொரு கடிதம்

மேலாளர் இரவில் அனுப்பிய ஆபாசச் செய்திகளைப் பற்றி மனிதவளத் துறையில் நேரில் சொன்னேன். "பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள். மின்னஞ்சலுக்கும் அதே பதில்தான்; நாட்கள் வீணாயின.

அப்புறம் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்திலேயே இருக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடமே எழுத்தில் புகார் கொடுத்தேன். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் தர வேண்டும். ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு 6 பிரதிகள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. விசாரணை நடக்கும்போதே மேலாளரையோ நம்மையோ இடம் மாற்றவும், நமக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். ஆனால் நாம் எழுதிக் கேட்டால்தான். புகாரோடு அதற்கும் தனிக் கடிதம் கொடுத்தேன். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அன்றுதான் நிம்மதி. விசாரணையும் சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் முடிந்து, புகார் நிரூபணமானது.