சீனி வருத்தத்தோடு (நீரிழிவோடு) இலங்கை மலையகம் போகிறவர்களுக்கு

சுகர் பார்க்கிற மெஷினுக்கு உங்கள் தேவைக்கு மட்டும் ஸ்ட்ரிப் எண்ணி எடுத்துக்கொண்டு மலையகம் போகாதீர்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒருவர் கண்ணில் பட்டால் போதும், அப்புறம் அது ஊர் மெஷின்.

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுதான் நடந்தது. விடியற்காலை நான் விரலைக் குத்துவதைச் சித்தப்பா பார்த்துவிட்டார். "எனக்கும் ஒருக்கா பாரு தம்பி" என்றார். அன்று பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்காமார், பக்கத்துக் காம்பராக்காரர்கள் (லயத்து அறைக்காரர்கள்), கோயில் பூசாரி என்று இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு வரிசையே நின்றது. எல்லோரையும் கூப்பிட்டது சித்தப்பா. மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டு இறங்கியபோது பாட்டியைப் பார்த்துக்கொள்ள நின்றவர் அவர். வந்தவர்களும் சுகர் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் பேரை (நாள் கூலியை) விட்டுவிட்டு டவுனுக்குப் போக வேண்டியவர்கள். 2024இல் நாள் சம்பளத்தை 1350 ரூபாய் ஆக்கினார்கள். ஒரு பெட்டி ஸ்ட்ரிப் அதைவிட விலை.

பெரியம்மாவுக்கு 22.8 காட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரோ, "இருபத்திரண்டுதானே, நல்லாத்தானே இருக்கு" என்று சிரித்தார். நான் கொண்டு போனது கனடா மெஷின். கனடா, இங்கிலாந்து மெஷின்கள் மில்லிமோல் கணக்கில் காட்டும். இலங்கையில் எல்லோரும் மில்லிகிராம் கணக்கில்தான் பேசுவார்கள். 18ஆல் பெருக்க வேண்டும். 22.8 என்பது 410. அதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். சீனியைக் கையில் கொட்டி நக்கிக்கொண்டே பிளேன்டீ குடித்திருக்கிறார், விரல் இடுக்கெல்லாம் பிசுபிசு. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்தினால் 9.4, அதாவது கிட்டத்தட்ட 170. சானிடைசர் தடவுவதை நம்பாதீர்கள், சீனியைத் தண்ணீர்தான் போக்கும். வெந்நீரானால் இன்னும் நல்லது. அந்தக் குளிரில் விறைத்த விரலில் இரத்தமே வராது.

ஒருவரைக் குத்திய ஊசியால் இன்னொருவரைக் குத்தவே கூடாது. ஹெப்படைடிஸ் பி அப்படித்தான் பரவும். குத்துகிற பேனாவும் ஆளுக்கு ஒன்றுதான். ஒருமுறை குத்திவிட்டு வீசுகிற ஊசிகள் ஒரு பெட்டி கொண்டு போங்கள். உங்கள் மாத்திரையைக் கேட்பவர்களுக்கும் கொடுக்காதீர்கள். "வெளிநாட்டு மாத்திரை" என்று கேட்டது மெட்ஃபோர்மின். அது அங்கே அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் சும்மா கிடைக்கிறது. அதை யார் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்பதைச் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்ல வேண்டும், கனடாவிலிருந்து வந்த தம்பி இல்லை.

ஸ்ட்ரிப் தீர்ந்தது. தலவாக்கலையில் ஏறி இறங்கினேன், ஹட்டன் வரைக்கும் போனேன். ஒரு பார்மசியிலும் என் மெஷினுக்குப் பொருந்துகிற ஸ்ட்ரிப் இல்லை. ஒரு மெஷினுக்கு உரியது இன்னொன்றில் வேலை செய்யாது. அன்று போயா (பௌர்ணமி விடுமுறை) என்பதால் கிளினிக்கும் பூட்டு. ஒரு கடைக்காரர், "அதெல்லாம் இங்க வராது சேர், புதுசா ஒன்னு எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். நீங்கள் இந்த அலைச்சல் இல்லாமல், மலை ஏறுவதற்கு முன்னாலேயே உள்ளூர் மெஷின் ஒன்றும் ஸ்ட்ரிப்பும் வாங்கிவிடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். இன்சுலினைக் கையோடு கொண்டு போகும் பையில் வையுங்கள், லக்கேஜில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம். லயத்தில் பிரிட்ஜ் இல்லையே என்று பதற வேண்டாம். பாவனையில் உள்ள இன்சுலின் பேனாக்கள் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரை தாங்கும், மலையகத்துக் குளிருக்கு அது பெரிய காரியமில்லை. மெஷின்தான் குளிர் தாங்காது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், தை மாசத்து விடியலில் உறைபனிகூட விழும். பலவற்றுக்கு 10 டிகிரிக்குக் கீழே போனால் எரர்தான். ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்குங்கள். டொராண்டோவுக்கும் இலங்கைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று புறப்படுமுன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படிகளை லேசாக நினைக்காதீர்கள். இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு அந்த ஏற்றத்தில் சுகர் இறங்கும், சில நேரம் நடுச்சாமத்தில்தான் இறங்கும். மில்லிகிராம் கணக்கில் 70க்குக் கீழே போனால் மூன்று நாலு தேக்கரண்டி சீனி, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கையில் இனிப்பு இல்லாவிட்டாலும் பயமில்லை, எந்தக் காம்பராவிலும் கேட்காமலே சீனியை அள்ளிப் போட்டு பிளேன்டீ வரும். "சீனி வேணாம்" என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் அங்கே நடக்காத காரியம். மயக்கமானால் 1990, இலவச ஆம்புலன்ஸ்.

கிளம்புகிற நாளில் மெஷினைக் கேட்பார்கள். உள்ளூரில் வாங்கியதைக் கொடுங்கள், ஸ்ட்ரிப்புக்கான பணத்தைப் பழக்கமான பார்மசியில் கட்டிவிடுங்கள். கையில் கொடுத்தால் அது கோதுமை மாவாகிவிடும், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சித்தப்பா உள்ளூர் மெஷினை வாங்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். என் மெஷினில் அவருக்கு 11, இதில் 200. "இது சுகரைக் கூட்டிக் காட்டுது தம்பி, எனக்கு அந்த மெஷினே போதும்."