டைட்டனில் வீசும் காற்றின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம்

சனிக்கோளின் மிகப் பெரிய துணைக்கோள் டைட்டன். அடர்த்தியான வளிமண்டலம் கொண்ட ஒரே துணைக்கோளும் அதுதான். அங்கே காற்று எவ்வளவு வேகமாக வீசும் என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தாளும் கால்குலேட்டரும் போதும், ஆரம்பிக்கலாம்.

படி 1: தரை சுழலும் வேகம்

டைட்டனின் ஆரம் 2,575 கி.மீ., நடுக்கோட்டுச் சுற்றளவு சுமார் 16,180 கி.மீ. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 15.95 பூமி நாட்கள் ஆகின்றன, அதாவது சுமார் 13,78,000 விநாடிகள். சுற்றளவை மீட்டராக்கி இதால் வகுத்தால் விநாடிக்கு 11.7 மீட்டர். இதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

படி 2: ரேடியோ அலையிலிருந்து காற்று

2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆய்வுக் கலம் டைட்டனில் பாராசூட்டில் தொங்கியபடி சுமார் இரண்டரை மணி நேரம் கீழே இறங்கியது. காற்று தள்ளத் தள்ள கலமும் நகர்ந்ததால், அது அனுப்பிய அலையின் அதிர்வெண்ணும் சற்று மாறியது. அந்த அலையைப் பிடிக்க வேண்டிய ரிசீவர், ஹைகன்ஸைச் சுமந்து சென்ற காசினி விண்கலத்தில் இருந்தது; அது இயக்கப்படாமல் போனது. ஆனாலும் பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் அந்த மெல்லிய சிக்னலைப் பிடித்துவிட்டன. அவை இல்லையென்றால் காற்றைப் பற்றிய இந்த அளவீடே கையை விட்டுப் போயிருக்கும்.

அலையின் அதிர்வெண் 2,040 மெகாஹெர்ட்ஸ். காற்றால் அது 680 ஹெர்ட்ஸ் மாறியதாக வைத்துக்கொள்வோம். 680-ஐ ஒளியின் வேகத்தால் (விநாடிக்கு 30 கோடி மீட்டர்) பெருக்கி, 204 கோடியால் வகுங்கள். விடை விநாடிக்கு 100 மீட்டர். ஒன்றை மறக்க வேண்டாம்: நம்மை நோக்கிய, அல்லது நம்மை விட்டு விலகும் வேகம் மட்டுமே இதில் தெரியும். கலம் விழும் வேகம், பூமியும் டைட்டனும் நகரும் வேகம் எல்லாவற்றையும் முதலில் கழித்த பிறகுதான் காற்றின் பங்கு கிடைக்கும்.

படி 3: உயரத்தோடு சேர்த்து வரையுங்கள்

தாளில் உயரத்தைச் செங்குத்தாகவும் வேகத்தைப் படுக்கையாகவும் குறியுங்கள். சுமார் 120 கி.மீ. உயரத்தில் காற்று விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டுகிறது. இதைப் படி 1-இல் கிடைத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். தரையைவிட எட்டு மடங்குக்கும் மேலான வேகத்தில், அதே திசையில் காற்று ஓடுகிறது! கீழே வரும்போது இன்னொரு ஆச்சரியம்: 75 முதல் 80 கி.மீ. வாக்கில் காற்று ஏறக்குறைய நின்றே போகிறது. அதற்குக் கீழே மறுபடி வேகம் பிடிக்கிறது. அப்புறம் படிப்படியாகத் தணிந்து, தரையருகே விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இருக்கிறது. இந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நடுப்பள்ளம்தான்.

படி 4: மென்காற்றின் தள்ளுவிசை

தரையில் வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி செல்சியஸ், அழுத்தம் பூமியைப் போல் ஒன்றரை மடங்கு. குளிரால் காற்றின் அடர்த்தி நான்கு மடங்குக்கும் மேல். தள்ளுவிசை, அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் என்ற பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே அங்கே 1 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இங்கே 2 மீட்டர் வேகத்தில் வீசுவதுபோல் தள்ளும்.

படி 5: பருவமும் மழையும்

சனியின் ஓர் ஆண்டு நமக்கு 29.5 ஆண்டுகள், ஒரு பருவம் ஏழு ஆண்டுக்கு மேல். 2009 ஆகஸ்டில் பகலும் இரவும் சமமாகும் நாள் வந்தது. அடுத்த ஆண்டு நடுக்கோட்டருகே அம்பு வடிவில் ஒரு பெரிய மேகம் எழுந்தது. அது கடந்த பிறகு தரை கறுத்திருந்ததைக் காசினி படமெடுத்தது. மீத்தேன் மழையில் தரை நனைந்ததன் அடையாளம் அது.

பெரிய மீத்தேன் துளி விநாடிக்குச் சுமார் 1.6 மீட்டர் வேகத்தில்தான் விழும். சரி, 3,200 மீட்டர் உயர மேகத்திலிருந்து விழுந்தால்? தரை தொட 2,000 விநாடிகள். வழி நெடுகிலும் 1 மீட்டர் வேகக் காற்று இருந்தால் துளி 2 கி.மீ. தள்ளிப் போய் விழும். வேகத்தை 5 மீட்டராக வைத்து இதே கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள்.