தண்டர்பேர்டு நாட்காட்டியில் நேரக் கோளாறுகளைச் சரிசெய்யும் முறை

கைப்பேசியில் குறித்த சந்திப்பு கணினியிலுள்ள தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல், நாட்காட்டி மென்பொருளில் தாமதமாகத் தோன்றுவது, தவறான மணியில் தோன்றுவது, நினைவூட்டல் வேளை தவறி ஒலிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். எது நேர்ந்துள்ளது என்று தெளியாமல் அமைப்புகளில் கை வைக்க வேண்டாம்.

தாமதத்தின் காரணம் எளிது. நாட்காட்டிகளை இணையம் வழியே ஒத்திசைக்கப் பயன்படும் கால்டேவ் நெறிமுறையின்படி மாற்றங்களைச் சேவையகம் தானாக அறிவிப்பதில்லை. மென்பொருள்தான் அவ்வப்போது கேட்டறிகிறது. தண்டர்பேர்டில் அந்த இடைவெளி இயல்பாக 30 நிமிடங்கள். நாட்காட்டியின் பெயர்மீது வலச்சொடுக்குச் செய்து, பண்புகளில் அதை 5 நிமிடங்களாகக் குறைத்தால் பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் இணைய முகவரி வழியாகக் கூகுள் நாட்காட்டியில் சேர்த்த வெளி நாட்காட்டி என்றால், கூகுள் அதைப் புதுப்பிக்கவே 12 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அந்த முகவரியை நேரடியாகத் தண்டர்பேர்டிலேயே சேர்ப்பது நல்லது. கைமுறையாக ஒத்திசைத்தும் நிகழ்வு வராவிட்டால், பண்புகளிலுள்ள ஆஃப்லைன் வசதியை (நாட்காட்டியின் நகலைக் கணினியிலேயே வைத்திருப்பது) நீக்கி மீண்டும் இயக்குங்கள். பழைய நகல் அழிந்து எல்லாம் புதிதாக இறங்கும். இணைப்பு இல்லாதபோது சேர்த்த நிகழ்வுகள் சேவையகத்தை அடைந்துவிட்டனவா என்பதை அதற்கு முன்பே உறுதிசெய்வது மிக அவசியம்.

நிகழ்வின் மணி சரியாக இருந்தும் நினைவூட்டல் மட்டும் பிசகினால், கணினிக் கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உள்ள கணினியில் இது அடிக்கடி நேர்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் ஓடும் வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸும், உலகப் பொது நேரம் என்று லினக்ஸும் கொள்வதால், இந்தியாவில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னோ பின்னோ செல்லும். இங்கே கோடைகால நேர மாற்றம் இல்லாததால், லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவதில் பெரிய இடர் இல்லை.

நிகழ்வின் மணியே தவறாக இருந்தால் அது நேர மண்டலச் சிக்கல். தண்டர்பேர்டின் நாட்காட்டி அமைப்புகளில் ஆசியா/கொல்கத்தா என்று இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் ஒரு நிகழ்வு மட்டும் பிசகினால், அந்நிகழ்வைத் திறந்து அதற்குரிய மண்டலத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் காலை 10 மணிக்கு நடக்கும் வாராந்தரக் கூட்டம் இங்கே கோடையில் இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30 ஆகும். அதை இந்திய மண்டலத்தில் பதிந்திருந்தால், நவம்பரில் அங்கே கடிகாரம் மாறிய பிறகும் 7:30 என்றே காட்டும். ஆகவே அத்தகைய கூட்டங்களை அமெரிக்கா/நியூயார்க் மண்டலத்திலேயே பதியுங்கள்.