வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் இருக்கிறது, பேச்சு நாலைந்து சொல்லோடு நிற்கிறது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தட்டை வீசுவான், தன் கையைத் தானே கடிப்பான். மதுரையில் எங்கள் வீட்டுக்கு ஒன்றரை வருடமாகத் தெரபிஸ்ட்டாக ஒரு சிறப்புக் கல்வியாளர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். முதல் மூன்று மாதம், அவர் வந்ததும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவரிடம் ஒழுங்காக உட்காருவான். அவர் வாசல் தாண்டியதும் பழையபடி ஆகிவிடுவான். அதனால் அந்த ஒரு மணி நேரமும் நீங்களும் அதே பாயில் உட்காருங்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்த்துத் திருத்தட்டும். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம்தானே இருக்கிறான்.

ஆளைச் சேர்க்கும் முன் பதிவு எண் கேளுங்கள். சிறப்புக் கல்வியாளர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் எல்லோரும் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். உடுத்துவது, உண்பது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு அந்தப் பதிவு கிடையாது, பட்டச் சான்றிதழைப் பாருங்கள். எங்களுக்கு முதலில் வந்தவர், அழுதால் அறையில் விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். இரண்டு நாள் செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அடிக்க, கட்டிவைக்க, பூட்டிவைக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், எதையும் மாற்றும் முன் பத்து நாள் எழுதுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்றே விஷயம்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே நாம் என்ன செய்தோம். "அடம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். "தட்டைத் தள்ளினான், வலது மணிக்கட்டைக் கடித்தான்" என்று எழுதுங்கள். இட்லி பிடிக்கவில்லை போல என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் முன்னால் இருந்தது ஒன்றுதான்: பார்த்துக்கொண்டிருந்த செல்போனைப் பிடுங்கிச் சாப்பிட உட்கார வைத்திருக்கிறோம். பின்னால் இருந்ததும் ஒன்றுதான்: அழுகையை நிறுத்த என் மாமியார் அதே போனைத் திரும்பக் கொடுத்து ஊட்டியிருக்கிறார். தட்டை வீசினால் போன் வரும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான்.

மாற்றத்தை ஒன்றிலிருந்து மட்டும் தொடங்குங்கள். நாங்கள் சாப்பாட்டை எடுத்தோம். அவனுடைய போன், அவனுடைய தட்டு, கை கழுவும் குழாய் மூன்றையும் போட்டோ எடுத்து பீரோ கதவில் வரிசையாக ஒட்டினோம். சமையலறை டைமரில் ஐந்து நிமிடம் வைத்து, "மணி அடிச்சா சாப்பாடு, அப்புறம் போன்" என்று ஒரே வாக்கியத்தைத் தினமும் சொன்னோம். கூடவே, வீசுவதற்குப் பதிலாக வேறு வழியும் கொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு அட்டை செய்தோம். அதைக் கையில் கொடுத்தால் கூடுதலாக இரண்டு நிமிடம், ஒரு தடவைதான். நல்லதைச் செய்த அந்த நொடியில், என்ன செய்தான் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள்: "தட்டைப் பிடிச்சுக்கிட்டியே, சூப்பர்டா!"

முதல் வாரம் மோசமாகும். இதுவரை பலித்தது பலிக்காமல் போகும்போது பிள்ளை இன்னும் ஓங்கித்தான் முயன்று பார்க்கும். நாலு நாள் எங்கள் வீட்டில் அழுகை இரண்டு மடங்கானது. ஐந்தாம் நாள் அத்தை போனைக் கொடுத்துவிட்டார். "மனசு கேக்கலம்மா, கண்ணு முன்னாடி அழறான்" என்றார். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், அவரிடம் எப்படிக் கோபப்படுவேன்? தெரபிஸ்ட்தான் வழி சொன்னார். அடுத்த செவ்வாய் பாயில் அத்தையையும் உட்காரவைத்து, "அம்மா, இந்த மணியை நீங்கதான் வைக்கணும்" என்று டைமரை அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அது அத்தையின் வேலை. நாங்கள் யாராவது மறந்தால் அவர்தான் எங்களை அதட்டுவார். மூன்றாவது வாரம் ஒரு தட்டுகூட விழவில்லை.

ஒன்று மட்டும் கவனம். கடிப்பது திடீரென்று கூடினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எதையும் வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை இப்படித்தான் சொல்லும். ஒரு மாதம் நாங்கள் பழக்கம் என்று நினைத்தது கடைவாய்ப் பல் சொத்தை. தலையை மோதிக்கொண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கையில் பணமில்லையா? அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதினெட்டு வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். பள்ளிக்கே போக முடியாத பிள்ளை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் வீட்டுவழிக் கல்வி கேளுங்கள், சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்திருந்தால் நிராமயா என்கிற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்கே தாங்காத ராத்திரியில் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

இப்போது காலையில் ஷூ மாட்டும் நேரத்துக்குத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம். காரணம் இன்னும் பிடிபடவில்லை. சாக்ஸின் தையல் உறுத்துகிறதோ என்று அத்தைக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை தெரபிஸ்ட் வரும்போது எட்டுத் தாள் சேர்ந்திருக்கும்.