கோபம் தலைக்கேறும்போது நான் செய்வது

எனக்குக் கோபமோ பயமோ வந்தால் அளவாக வராது. கணவர் போனை எடுக்கவில்லை என்றாலே கை நடுங்கி, "என்னை விட்டுப் போய்விடுவார்" என்கிற வரை மனசு ஓடிவிடும். மனநல மருத்துவர் சொல்லித்தான் டிபிடி (Dialectical Behavior Therapy) என்கிற, கட்டுக்கடங்காத உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்குப் போனேன். தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய முறை இது.

முதலில் கைகொடுத்தது குளிர்ந்த தண்ணீர். அகலமான பாத்திரத்தில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனைய முகத்தை 30 விநாடி வரை அமிழ்த்த வேண்டும். நீரில் மூழ்குவதாக எடுத்துக்கொண்டு உடம்பு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். நிமிரும்போது பிரச்சினை அப்படியேதான் இருக்கும், ஆனால் யோசிக்க முடியும். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

அப்புறம்தான் நோட்டை எடுப்பேன். நடந்தது என்ன, நானாகச் சேர்த்தது என்ன? நடந்தது: போன் எடுக்கவில்லை. அவ்வளவுதான். மீதியெல்லாம் என் பயம். பயம் உண்மைக்குப் பொருந்தாவிட்டால் அது சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மறுபடி மறுபடி கூப்பிடத் துடிக்கும்போது போனை அலமாரியில் வைத்துவிட்டு மாவு அரைக்கப் போய்விடுவேன். இருப்பதிலேயே கஷ்டமான பயிற்சி இதுதான். அரைமனதாகச் செய்தால் பலிக்காது. மனசு அமைதியாக இருக்கும் நாட்களிலும் பழக வேண்டும்.

சாகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.