பாலுண்ணி வந்தால் அரிப்பைக் கவனியுங்கள்

குழந்தையின் தோலில் சின்னப் பருக்கள் தெரிந்தால் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். தோல் நிறத்திலோ முத்து வெண்மையிலோ, வழவழப்பாக, 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில், நடுவில் சின்னக் குழியோடு இருந்தால் பெரும்பாலும் பாலுண்ணிதான். மருத்துவர் சீட்டில் மொலஸ்கம் கன்டேஜியோசம் என்று எழுதுவார். என் மகனுக்கு அக்குளிலும், கை உரசுகிற விலாவிலும் வந்தது. இதற்குக் காரணம் பெரியம்மைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாக்ஸ் வைரஸ் என்று கேட்டதும் வீட்டில் அம்மை பயம் கிளம்பியது. இது மேல்தோலைத் தாண்டி உள்ளே போகாது. ஒட்டியபின் வெளியே தெரிய 2 வாரம் முதல் 6 மாதம்வரை ஆகும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று துப்புத் துலக்குவது வீண்வேலை.

பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் தானாகப் போய்விடும். சிலருக்கு இன்னும் இழுக்கும். அதுவரை நமக்கு இருக்கும் வேலை, அரிப்பை அடக்குவது. சொறிகிற நகம்தான் வைரஸைப் பக்கத்துத் தோலுக்குக் கொண்டுபோகிறது. பருவைச் சுற்றி வறண்டு கரப்பான் மாதிரி ஆகும், அங்கேதான் அதிகம் அரிக்கும். குளித்த ஈரம் காயுமுன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அடங்காவிட்டால் அதற்கான களிம்பை மருத்துவரிடம் கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். துண்டும் உடம்பு தேய்க்கும் நாரும் தனித்தனியாக இருக்கட்டும். உடன்பிறந்தவர்களை ஒரே தொட்டியில் குளிக்க வைக்க வேண்டாம். துணி மறைக்காத பருக்களை பிளாஸ்டரால் மூடினால் போதும். பள்ளியை நிறுத்தத் தேவையில்லை. பெரியவர்கள் பரு உள்ள இடத்தில் சவரம் செய்யக் கூடாது.

பிதுக்கினால் வெள்ளையாக ஒன்று வரும். வைரஸ் இருப்பதே அதில்தான். தழும்பும் விழும். கை துறுதுறுக்கும், தெரியும், விட்டுவிடுங்கள்.

ஒருநாள் பருக்கள் திடீரென்று சிவந்து வீங்கலாம். ஆன்டிபயாடிக்குக்கு ஓடாதீர்கள், பெரும்பாலும் உடம்பு வைரஸைக் கண்டுகொண்டு விரட்டத் தொடங்கிய அடையாளம் அது. காய்ச்சல், பரவும் சிவப்பு, கடும் வலி இருந்தால் வேறு கதை, உடனே காட்டுங்கள்.

சுரண்டி எடுப்பது, உறையவைப்பது, தோலில் கொப்புளம் எழுப்பும் கேந்தரிடின் மருந்தைத் தொட்டுவைப்பது என்று சிகிச்சைகள் உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மருந்து முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்டது 2023-ல்தான், அந்தக் கேந்தரிடின். குழந்தை அலறுகிற அளவுக்கு இதெல்லாம் அவசியமா என்பது என் கேள்வி. ஆனால் இமையோரம் வந்தால் காத்திருக்காதீர்கள், கண் சிவந்து உறுத்தும். பெரியவர்களுக்குப் பிறப்புறுப்பில் வந்தால் மற்ற பால்வினை நோய்களுக்கும் பரிசோதனை வேண்டும். முகமெங்கும் பெரிது பெரிதாகப் பரவினால் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கச் சொல்வார்கள்.

கடைசிப் பரு போனபின் வைரஸ் உடம்பில் ஒளிந்திருக்காது. வேறொருவரிடமிருந்து மறுபடி ஒட்டலாம் என்பதால் எங்கள் வீட்டில் துண்டு இன்னும் தனித்தனிதான்.